அவர் போட்ட முடிச்சு

மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் என்று தெரிந்தேதான் காரை நிறுத்தினேன். தூத்துக்குடியில் ஒரு அரசு அலுவலகம். ஐந்து நிமிஷ வேலை. திரும்பி வந்தால், என் பம்பரோடு ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டர் கயிற்றால் கட்டிக் கிடந்தது. அதன் முகப்பில் அனுமதி அட்டை. அருகே ஊன்றுகோலோடு, வெயிலில் கறுத்த ஒருவர். கடலில் சங்கு குளிக்கப் போய்க் கால் செயலிழந்துவிட்டதாம். தோளில் கயிறு இல்லாமல் வெளியே வரமாட்டாராம். வாட்ச்மேன் சொன்னார்.

"அவுத்து விடுங்க அண்ணாச்சி!" என்றேன் கோபமாக.

"கரையில நம்ம எடத்துல இன்னொரு வள்ளம் நின்னா, அதுலயே நம்ம வள்ளத்தக் கட்டிட்டுப் போயிருவோம் சார். சோலி முடிஞ்சாத்தான் அவுப்போம்."

உள்ளே போய்விட்டார். ஒரு மணி நேரம் பல்லால் கடித்துப் பார்த்தும் அந்த முடிச்சு எனக்கு அசையவில்லை. வேலை முடிந்து திரும்பி வந்தவர் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. கயிறு கழன்று அவர் தோளில் ஏறியது.

வாசலில் வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.