சிலுவைதாசனின் இடது கால்

யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சிலுவைதாசன் இடது முழங்காலைத் தடவிக்கொள்வான். கோயில் முற்றத்தில் தடவுவான், மீன் ஏலத்தில் தடவுவான், தாய் ரீத்தா எதிரே வந்தால் கட்டாயம் தடவுவான். பார்க்க ஆளில்லாவிட்டால் அந்தக் காலுக்கு ஒரு கேடும் இல்லை.

இராஜாக்கமங்கலம் துறையில் அவனுக்கு மீன் சுமக்கிற தொழில். தோளில் தடி, தடியின் இரு முனையிலும் பனையோலைக் கடவத்தில் மீன். கடற்கரையிலிருந்து வடசேரிச் சந்தை வரைக்கும் ஓட்டந்தான். நடந்தால் மீன் நாறிவிடும். ஒருநாள் டிரில் மாஸ்டர் ஜெயசிங்கின் சைக்கிளை இவன் சுமையோடு முந்திக்கொண்டு போனான். மனிதர் மிதிப்பதையே மறந்துவிட்டார். "கொஞ்சம் நில்லுலே!" என்று கத்தினார். "நின்னா அயில கெட்டுப்போவும் சாரே" என்று பதில் மட்டும் பின்னால் வந்ததாம். அப்படிப்பட்டவனை விடுவாரா? அடுத்த மாதமே நாகர்கோவிலில் அரை மைல் ஓட்டத்தில் இறக்கிவிட்டார். வெறுங்காலோடு ஓடிக் கல்லூரிக்காரர்களையெல்லாம் தோற்கடித்தான். "சுமையில்லாம ஓடுகதுக்கு ஒரு கப்பு குடுக்கானுவ!" என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அப்புறம் திருவனந்தபுரம். ஐம்பத்தொன்றாம் வருஷம், திரு-கொச்சி ராஜ்யம் முழுவதுக்குமான போட்டி. அரை மைல் என்றால் மைதானத்தை இரண்டு சுற்று. பொழுது சாய்ந்து ஆறு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் சுற்று முடியும்போது இவன்தான் முன்னால். இனிக் கடைசிச் சுற்று என்று அறிவிக்க அங்கே மணி அடிப்பார்கள். நாகர்கோவிலில் கொடிதான் வீசுவார்கள். மணி அடித்தது. சிலுவைதாசன் நின்றுவிட்டான்.

துறையில் பிறந்தவன் வேறென்ன செய்வான்? ஆறு மணி ஜெபத்துக்குக் கோயில் மணி அடித்தால் அங்கே கடலைத் தவிர எல்லாம் நின்றுவிடும். கரமடி வலை இழுப்பவர்கள் கயிறும் கையுமாக நிற்பார்கள். சண்டைக்காரிகள் வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு, ஜெபம் சொல்லி முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். பிறந்த நாள் முதல் உள்ள பழக்கம் காலைப் பிடித்துக்கொண்டது. சிலுவை போட வலது கை நெற்றிக்கும் போய்விட்டது. ஐந்து பேர் அவனைத் தாண்டி ஓட, மைதானமே கொல்லென்று சிரித்தது.

அதுவரை அவன்மேல் குற்றமில்லை. குற்றம் அதற்குப் பிறகுதான். நெற்றிக்குப் போன கையால் அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான்! ஜெயசிங் மூச்சிரைக்க ஓடிவந்து, "என்னலே, ஏன் நின்னே?" என்று கேட்டதற்கு, "காலு பெரண்டுபோச்சு சாரே" என்றான். இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியும் காட்டினான். ஜெபத்துக்கு நின்றேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கம். அப்படி வெட்கப்பட்டோமே என்ற வெட்கம் ராத்திரி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அது பெரிது.

நொண்டிக்கொண்டே ஊருக்குள் வந்தான். ரீத்தா புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிச் சூடாகப் பற்றுப் போட்டாள். நோவு தீர்ந்தால் அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் செய்து புனிதருக்கு வைப்பது அங்கே வழக்கம். "எனக்க மவனுக்க காலு சரியாவட்டு சவேரியாரே! அவன் ஜெயிச்சு வந்தா கோட்டாத்துல வந்து காலு வைக்கேன். அதுவரைக்கும் வாயில மீன் வைக்கமாட்டேன்" என்று நேர்ந்துகொண்டாள்.

மீன்காரி மீன் தின்னாமல் இருப்பதென்றால் சும்மாவா? காலையில் கூறு கூறாக மீன் விற்ற கை, மத்தியானம் கஞ்சிக்கு உப்பையும் மிளகாயையும் நுள்ளிக்கொண்டது. மகன் தட்டில் மட்டும் சாளை மீன். "தின்னு மக்கா, காலுக்குப் பெலம் வரணும்லா" என்பாள். ஒவ்வொரு வாயும் அவனுக்கு முள்ளாக இறங்கும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பான். "நோவுதா?" என்று அவள் காலைப் பிடிப்பாள். சொல்ல வந்தது அப்படியே உள்ளே போய்விடும்.

மறுவருஷம் அதே திருவனந்தபுரத்தில் மணி அடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி முதலாவதாக வந்தான். பத்திரிகையில் பெயர் வந்தது. டில்லியில் நடக்கப்போகிற அகில இந்தியப் போட்டிக்கும் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். துறையில் வெடி போட்டார்கள். "சவேரியார் குடுத்த காலுல்லா!" என்று பெண்கள் அவன் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பான், பாவி.

டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா. கோயில் வாசலில் சாக்கை விரித்து வெள்ளித் தகட்டு உருவங்களைப் பரப்பியிருந்தார்கள். கண், காது, கை, கால், நாக்கு. ரீத்தாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. "நல்லதாப் பாத்து எடு மக்கா. வச்சுட்டுப் போயி சாளைப் புளிமுளம் வச்சு ஒரு பிடி பிடிக்கணும்" என்றாள்.

சிலுவைதாசன் குனிந்து வெள்ளிக் காலை எடுத்தான். அந்நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. இந்த முறை நெற்றிக்குப் போன கையால் வியர்வையைத் துடைக்காமல், சிலுவையை முழுவதுமாகப் போட்டான். பிறகு வெள்ளிக் காலைத் திரும்பச் சாக்கிலேயே வைத்துவிட்டு, வெள்ளி நாக்கை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைத்தான்.