வரிசையின் கடைசிக் கை

நிரஞ்சனி டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நிறுத்தத்தைத் தாண்டி இறக்கிவிடும் பஸ் கொண்டக்டர் முதல், பிள்ளையின் கொப்பியைத் திறந்தே பார்க்காத தகப்பன் வரை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் குறைவு. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, குப்பி விளக்கில் படித்து, ஆசிரியர் நியமனம் பெற்று, பிறந்த தோட்டத்துப் பாடசாலைக்கே திரும்பி வந்தவர். இப்போது நாற்பத்திரண்டு வயது. கலியாணம் செய்யவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “எனக்குத்தான் இருபத்திமூணு புள்ளைங்க இருக்கே” என்று வாயை அடைத்துவிடுவார். போன வருஷம் வரை அப்படித்தான் சொன்னார்.

போன வருஷக் கார்த்திகை மழையில், பாடசாலையை நேரத்தோடு விடும்படி பதினொரு மணிக்கு உத்தரவு வந்தது. மற்றப் பிள்ளைகள் சிட்டாகப் பறந்துவிட்டார்கள். வகுப்பிலேயே உயரமான சுகிர்தா மட்டும் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“டீச்சர், அம்மா மேமலையில கொழுந்து எடுக்குது. வீட்ல யாருமில்ல. நான் இங்கனயே இருக்கவா?”

“பள்ளிக்கூடத்தப் பூட்டப் போறாங்க. மழை வலுக்க முந்தி போய்ச் சேரு, போ.”

அவள் போனாள். ஒரு மணி நேரத்துக்குள் அவள் வீடு இருந்த லயத்தின் மேல் மலை சரிந்தது. ஆறு நாள் தோண்டியும் சுகிர்தா கிடைக்கவில்லை. தாய் ராக்கம்மா டீச்சரை ஒரு சொல் குறை சொல்லவில்லை. வழியில் கண்டால் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போனாள். ஏசியிருந்தால்கூட டீச்சருக்கு மனம் ஆறியிருக்கும். இனி ஒரு பிள்ளையையும் தொலைப்பதில்லை என்று டீச்சர் தனக்குள் சத்தியம் செய்துகொண்டார். வேறு எதையும் அவர் அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

மிஞ்சிய இருபத்திரண்டு பிள்ளைகளும் இந்த வருஷம் மூன்றாம் தரத்துக்கு ஏறினார்கள். டீச்சரும் கூடவே ஏறினார். வகுப்பின் பக்கச் சுவரில் ‘வரும் நாட்கள்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதன்தோறும் மண்சரிவு ஒத்திகை, இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை பிள்ளைகளே கடை போடும் சிறுவர் சந்தை, மாத முடிவில் கலை விழா. சந்தை என்றதும் பிள்ளைகளுக்குப் பாடமே ஓடவில்லை. யுகேஷ் வல்லாரைக் கட்டு கொண்டு வருவதாகச் சொன்னான். தர்ஷிகா மரவள்ளிக் கிழங்கு. ஒருவன் உயிரோடு சேவல் கொண்டு வரவா என்று கேட்டு டீச்சரிடம் குட்டு வாங்கினான்.

ஒத்திகை இப்படி: மணி அடித்ததும் பிள்ளைகள் குள்ளம் முன்னாலும் உயரம் பின்னாலுமாக வரிசையாகி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் பிள்ளையின் கை டீச்சரிடம். தேயிலைக்கு நடுவே படியேறிப் பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். காலையில் தொழிலாளரைக் கூட்டிப் பேர் எடுக்கும் மேட்டு நிலம் அது. சரிவுக்குத் தப்பிய இடம். அங்கே டீச்சர் வரிசையோடு நடந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். மத்தியானச் சாப்பாடு சமைக்கும் பேச்சியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“புள்ளைங்கள தலையத் தொட்டு எண்ணாதீங்க டீச்சர். எண்ணுனா ஆகாது. பேரச் சொல்லிக் கூப்புடுங்க.”

“பேரச் சொன்னா பக்கத்துல உள்ளதெல்லாம் சேந்து ‘வந்திருக்கேன்’னு கத்தும். தவளையத் தராசுல நிறுத்த கதைதான். தலைன்னா தலை, ஏமாத்த முடியாது,” என்றார் டீச்சர்.

முதல் புதனன்று இரண்டடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனிமூட்டம். டீச்சர் எண்ணினார். இருபத்திமூன்று. திரும்ப எண்ணினார். அதே இருபத்திமூன்று. வகுப்புக்கு இறக்கி உட்காரவைத்து எண்ணினால் இருபத்திரண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே ஏசிக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். 

இரண்டாம் புதனும் இருபத்திமூன்றுதான். அன்று வரிசையின் கடைசியில் நின்ற தர்ஷிகா அழுதுகொண்டே வந்தாள். சுகிர்தா இருந்த காலத்தில், காலைக் கூட்ட வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் இந்தத் தர்ஷிகா.

“டீச்சர், எனக்குப் பின்னாடி உள்ள ஆளு கை ரொம்ப சில்லுன்னு இருக்கு.”

“ஒனக்குப் பின்னாடி யாரு இருக்கா? நீதானே கடைசி!”

“தெரியாது டீச்சர். கைய விட மாட்டேங்குது.”

 டீச்சர் பயத்தைக் காட்டத் தெரியாத மனுஷி. அது கோபமாகத்தான் வெளியே வந்தது. பொய் சொன்னால் சந்தைக்கு வர விடமாட்டேன் என்று அதட்டினார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனது.

சந்தைக்கு முதல் நாள் வியாழக்கிழமை. பிள்ளைகள் அட்டையில் மரக்கறிப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். விடியற்காலையில் பிடித்த மழை ஓயவில்லை. பாடசாலை அதிபர் அழகர் சேர் நனைந்தபடி ஓடி வந்தார்.

“டீச்சர், பின் மண்மேடு வெடிச்சிருச்சு. கெளப்புங்க, எல்லாரையும் மேல கெளப்புங்க!”

ஒத்திகை கைகொடுத்தது. பிள்ளைகள் கைகோத்தார்கள். மழையும் பனிமூட்டமும் சேர்ந்து முன்னால் உள்ள படியே தெரியவில்லை. “கைய விட்றாதீங்க, கைய விட்றாதீங்க” என்று கத்திக்கொண்டே டீச்சர் இழுத்துப் போனார். பெரட்டுக்களத்தில் நிறுத்தி, நனைந்த தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு.

“எல்லாரும் இருக்காங்க சேர்!”

முதல் தடவையாகக் கணக்குச் சரி. அப்பாடா என்று மூச்சு விட்டார். உடனே இன்னொன்று உறைத்தது. போன இரண்டு தரமும் இருபத்திமூன்று. அந்த ஒன்று இன்றைக்கும் வந்திருந்தால், தன் பிள்ளையில் ஒன்று குறைகிறது. கடைசிக்கு முந்தி நிற்கும் யுகேஷிடம் போனார்.

“யுகேஷ், ஒனக்குப் பின்னாடி தர்ஷிகாதானே?”

“ஆமா டீச்சர். கைய புடிச்சிருக்கா.”

டீச்சர் யுகேஷின் தோளில் இருந்து அவன் கை வழியே தடவிக்கொண்டு போனார். அவன் விரல்களை இன்னொரு சின்னக் கை இறுகப் பற்றியிருந்தது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கை. நகக்கண்களில் மண் அடைத்திருந்தது. தர்ஷிகாவின் மணிக்கட்டில் எப்போதும் ஒரு கறுப்புக் கயிறு இருக்கும். இந்த மணிக்கட்டில் கயிறு இல்லை.

அவர் கத்தவில்லை. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, அந்தக் கையின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“இவனப் புடிச்சுக்க சாமி. நான் வந்துர்றேன்.”

படிகளில் விழுந்து எழும்பி ஓடினார். அதிபர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் ஏறவில்லை. வகுப்பின் பின்சுவர் விரிசல் விட்டு, சேற்றுத் தண்ணீர் கதிரைக் கால்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. தர்ஷிகா அலுமாரிக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள்.

“நான் வரமாட்டேன் டீச்சர். அந்தக் கைய புடிக்க மாட்டேன்.”

டீச்சருக்கு நெஞ்சில் அறைந்தாற்போல் இருந்தது. பயந்த பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியது அவருடைய வாய்தானே. “என் கைய புடி” என்று மட்டும் சொல்லி அவளை அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். பாதிப் படிகூட ஏறியிருக்க மாட்டார். பெரிய இரைச்சலோடு மண்மேடு இறங்கி, வகுப்பறையைக் கூரையோடு மூடியது.

பெரட்டுக்களத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள். தர்ஷிகாவை இறக்கிவிட்டு டீச்சர் நேரே யுகேஷிடம் போனார். அவனுடைய ஒரு கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

“எங்கடா அவ?”

“இப்பதான் டீச்சர் விட்டா. நீங்க வர்ற சத்தம் கேட்டுச்சு. ஒடனே கைய விட்டுட்டா.”

டீச்சர் முதலிலிருந்து தலைகளைத் தொட்டார். இருபத்திரண்டு. வரிசையைத் தாண்டிப் பனிக்குள் நாலடி நடந்து, கையை நீட்டித் துழாவினார். மழைதான் விரல்களில் பட்டது. திரும்பி வந்து மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை எண்ணத் தொடங்கியதும் அழகர் சேர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“இருபத்திரெண்டும் இருக்கு டீச்சர். நானும் எண்ணிட்டேன். கடவுள் புண்ணியம், எல்லாரும் இருக்காங்க.”

போன வருஷம் சுகிர்தா போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நிரஞ்சனி டீச்சர், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

“இல்ல சேர்,” என்றார். “ஒண்ணு குறையுது.”