மேடைப் பேச்சில் உறங்கிய பிள்ளை

விளக்கு வைக்கிற நேரம் வந்தாலே நான் தூளியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பகலெல்லாம் பால் குடித்துவிட்டுச் சமர்த்தாகத் தூங்குகிற பிள்ளை, வெயில் இறங்கியதும் முகத்தைச் சுளிப்பான். கால் இரண்டையும் வயிற்றோடு மடக்குவான். விரல்களை இறுக்கி மூடிக்கொள்வான். அப்புறம் ஆரம்பிப்பான். தெருக்கோடி வரை கேட்கும். பால் கொடுத்தால் துப்புவான், தூளியில் போட்டால் இன்னும் வீறிடுவான். முகம் சிவந்து, மூச்சு அடங்கி, இனி திரும்பாதோ என்று நான் பதறும்போது மூச்சை இழுத்து மறுபடி கத்துவான். ஊர் அடங்குகிற வரைக்கும் இதே கதைதான்.

கிருத்திகைதோறும் என்னோடு உட்கார்ந்து பாடுகிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. சுவாமிமலையான் எனக்குச் செய்த உதவி இது. கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் அப்போது குடியிருந்தோம். கறுப்பு சிவப்புக் கட்சி முதன்முதலாக ஆட்சிக்கு வந்திருந்த புதிது. என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். பகலில் தையல், மாலையில் மேடை. எங்கள் பக்கத்தில் அவர் பேச்சுக்கு நல்ல பெயர். கடவுள் இல்லை என்று அவர் பேச ஆரம்பித்தால், கோயில் குருக்களே கடையை ஒட்டி நின்று கேட்டுவிட்டுப் போவார் என்பார்கள்.

எங்கள் கல்யாணமே மேடையில்தான் நடந்தது. என் அண்ணன் அதே கட்சிக்காரர். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றினோம், நாலு பேர் பேசினார்கள், முடிந்தது. நானோ தாயில்லாத பெண். நினைவு தெரிந்த நாளிலிருந்து முருகனைத்தான் அம்மா என்றும் அப்பா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள். இவரிடம் அது நடக்குமா? கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டார்.

"கமலா, உன் மனசுல என்ன வேணா வெச்சுக்க. வீட்டுல படம், திருநீறு, தாயத்து, ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு மேடையில நான் பேச முடியாது பாரு."

விளக்கு மட்டும் ஏற்றுவேன். அது வெளிச்சத்துக்குத்தானே என்று அவரும் விட்டுவிட்டார். முருகன் படம் ஒன்றை என் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். துணி எடுக்கிற சாக்கில் பெட்டியைத் திறந்து கும்பிட்டுக்கொள்வேன்.

கார்த்திகை அடைமழையில் செல்வம் பிறந்தான். பிரசவத்துக்கு அழைத்துப் போகத் தாய்வீடு கிடையாது, மாமியாரும் இல்லை. மார்கழி பிறந்ததும் இந்தச் சாயங்கால அழுகை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். ஓமத் தண்ணீர் கொடுத்தார். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி, பொறுக்கிற சூட்டில் வயிற்றில் போட்டார். இவருக்குத் தெரியாமல் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். அடுப்பு வெடித்ததே தவிரப் பிள்ளை அடங்கவில்லை.

"பள்ளிவாசல் வாசல்ல கொண்டு போய் நில்லு கமலா. சாயந்திரத் தொழுகை முடிஞ்சு வர்றவங்க ஓதி ஊதுவாங்க. எம்புள்ளைங்க ரெண்டுக்கும் அங்கதான் அழுகை நின்னுச்சு" என்றார்.

எங்கள் ஊரில் எல்லாச் சாதிப் பெண்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிற்பது வழக்கம்தான். இவரைக் கேட்டேன்.

"கோயிலுக்கு வேண்டாம்னா பள்ளிவாசலா? ஊதினா வயித்து வலி போகுமா? ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா."

அழைத்துப் போனார். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காதைப் பார்த்தார், எடை போட்டார். "பால் நல்லா குடிக்குது, எடை ஏறுது, காய்ச்சல் இல்ல. சில குழந்தைங்க இப்படித்தாம்மா. மூணு மாசம் ஆனா தானா நின்னுடும்" என்றார். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, ஒண்ணுமில்ல. அழறது அதோட பிறப்புரிமை" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். பிறப்புரிமையை நான் ஒருத்தியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரையும் குறை சொல்ல முடியாது. ஊர் அப்படி இருந்தது. சம்பா கதிர் முற்றி நிற்கிறது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்போம் என்று மிராசுதார்கள் நின்றார்கள். தினமும் சாயங்காலம் கடைத்தெருவில் கூட்டம். கூலிக்காரர்களுக்காகப் பேச இவரை விட்டால் ஆளில்லை. அந்த நேரமாகப் பார்த்துத்தான் இவனும் அழுவான். அங்கே ஒலிபெருக்கியில் அவர் சத்தம், இங்கே ஒலிபெருக்கியே இல்லாமல் இவன் சத்தம்.

தை பிறந்து பொங்கலும் போனது. ஒரு நாள் சாயங்காலம் என்னால் முடியவில்லை. பிள்ளையைத் தரையில் பாயில் போட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் வாய்க்கால் ஓரத்தில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். பொத்தினாலும் கேட்டது. இந்தச் சத்தம் நின்றால் போதும், எப்படி நின்றாலும் சரி என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த மறு நொடியே ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்தேன். பெட்டியைத் திறந்தேன். அழுதேன். இனி என்னை நம்பிப் பிள்ளையை விட முடியாது என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

"தகப்பன்சாமி, நீயும் பிள்ளைதானே? உனக்குத் தெரியாதா? நாளைக்கு ஒரே ஒரு சாயங்காலம் இவன் வாயை அடைச்சிடு. அதுக்கு மேல கேக்கலை. உன் படியேறி வந்து இவனுக்கு முடி எடுக்கறேன்."

இவ்வளவுதான் என் பிரார்த்தனை. சுலோகம் இல்லை, விரதம் இல்லை.

மறுநாள் காலையில் வயல் பக்கம் அடிதடி. வெளியூர் ஆட்களை ஏற்றி வந்த லாரியை மறித்தார்களாம். இரண்டு பக்கமும் ரத்தக் காயம். மத்தியானமே போலீஸ் வண்டி தெருத்தெருவாக வந்து அறிவித்தது. 144 தடை உத்தரவு. கூட்டம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, கடையெல்லாம் அடைக்க வேண்டும். இவர் தையல் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று பேசுவதற்கு வைத்திருந்ததெல்லாம் அவர் தொண்டையிலேயே நிற்கிறது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறார். வெயில் இறங்கியது. செல்வம் காலை மடக்கினான். ஆரம்பித்தான்.

நானும் என்னவெல்லாமோ செய்தேன். அவர் காதைத் தடவிக்கொண்டு, "தினமும் இப்படியா கமலா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"தினமும் இப்படித்தான். இந்தாங்க, பிடிங்க!"

அதுவரை அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. மிரண்டு போய் வாங்கிக்கொண்டார். தூக்கத் தெரியவில்லை. துணி மூட்டையைப் போடுவதுபோல் இடது தோளில் சாய்த்தார். குழந்தையின் வயிறு அவர் நெஞ்சோடு அழுந்தியது.

"என்ன பண்ணணும்? எனக்குத் தாலாட்டெல்லாம் வராதே."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாசலில் போலீஸ் நடமாட்டம், ஆகையால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்கினார். "உழைத்து உழைத்து உருக்குலைந்து போன என் அருமைத் தோழர்களே, தாய்மார்களே..." வாசலிலிருந்து கொல்லைக்கு ஒரு நடை, கொல்லையிலிருந்து வாசலுக்கு ஒரு நடை. கூலி நெல்லைப் பற்றிப் பேசினார். விதைத்தவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்டார். அழுகை விக்கலாயிற்று. அடுத்த நடையில் கடவுளுக்கு வந்துவிட்டார். ஆண்டவன் படைத்தான் என்றால் ஆண்டைக்கு மட்டும் ஏன் நிலத்தைப் படைத்தான் என்று அவன் காதோரம் கேட்டார். விக்கலும் நின்றது. அவன் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, தகப்பன் நெஞ்சிலிருந்து வருகிற அதிர்வைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்தபடியே தூங்கிவிட்டான்.

"முடிவுரைக்கு முன்னாடியே தூங்கிட்டானே" என்றார் இவர். அவருக்கு உண்மையிலேயே குறைதான்.

நான் சமையற்கட்டுக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாது. சாமி இல்லை, சாமி இல்லை என்று அவர் சொல்லச் சொல்லத்தான் என் சாமி எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

தடை இருந்தவரை தினமும் இதே வைத்தியம். சில நாள் பிள்ளை அரைப் பேச்சில் தூங்குவான், சில நாள் இரண்டு கூட்டத்துக்குரிய பேச்சைக் கேட்டும் சிணுங்குவான். ஆனால் நான் தனியாக இல்லை. உட்கார்ந்து சூடாக ஒரு வாய் சாப்பிட்டேன். தலை வாரிக்கொண்டேன். வாய்க்கால் ஓரத்தில் வந்த அந்த நினைப்பு அப்புறம் என்னிடம் வரவில்லை.

பிறகு தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. கூலி ஓரளவு கூடியது, தடையும் நீங்கியது. முதல் கூட்டத்துக்கு இவரை அழைத்துப் போகத் தோழர்கள் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே பிள்ளை காலை மடக்கிவிட்டான். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேட்கவும் வாய் வரவில்லை, அனுப்பவும் மனம் வரவில்லை.

இவர் துண்டை எடுத்தார். எடுத்துத் தோளில் விரித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி அதன்மேல் சாய்த்தார். வாசலுக்குப் போனார்.

"இன்னைக்கு நீங்களே பேசுங்க தோழர். அங்க பேசறதுக்கு வேற ஆள் இருக்கு. இவனுக்கு வேற ஆள் இல்ல."

பங்குனி பிறந்ததும் டாக்டரம்மா சொன்னபடி அழுகை தானாகவே நின்றுவிட்டது. அப்படியானால் முருகன் என்ன செய்தான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்திருக்கிறேன். பிள்ளையின் வாயை அடை என்றுதான் நான் கேட்டேன். அதை அவன் காலத்திடம் விட்டுவிட்டான். தகப்பனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினான். எனக்கு எது தேவை என்று என்னைவிட அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆவணியில் வேண்டுதலைச் சொன்னேன். இவர் இரண்டு நாள் கடையே கதியென்று கிடந்தார். மூன்றாம் நாள், "முடி எடுக்கறது சுகாதாரம். அதுக்கு வர்றேன். படி ஏற மாட்டேன்" என்றார். அதுபோதும் எனக்கு.

சுவாமிமலை அடிவாரத்தில் முடி எடுத்து, சந்தனம் பூசி, பிள்ளையோடு நான் மட்டும் அறுபது படியும் ஏறினேன். இவர் கீழே எங்கள் செருப்புக்குக் காவல். சாயரட்சைப் பூசை நேரம். மேளமும் மணியும் ஒன்றாக முழங்கியதும் செல்வம் மிரண்டான். மொட்டைத் தலை எரிச்சல் வேறு. பழைய அழுகை, அதே வீறல். யாரோ பழம் கொடுத்தார்கள், யாரோ கிலுகிலுப்பை ஆட்டினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. நான் சந்நிதியைப் பார்த்துக் கைகூட எடுக்க முடியாமல் தவித்தேன்.

கூட்டம் விலகியது. திரும்பிப் பார்க்கிறேன், கறுப்பு சிவப்புக் கரை வேட்டியோடு இவர் மூச்சு வாங்க நிற்கிறார். யாரையும் பார்க்கவில்லை. சந்நிதிப் பக்கம் திரும்பவும் இல்லை. பிள்ளையை வாங்கி இடது தோளில் சாய்த்தார். தூண் ஓரமாக நின்று, அவன் காதில் வாயை வைத்தார். "அவைத் தலைவர் அவர்களே..."

பிள்ளை அடங்கினான். அந்த மலையில் ஒரு காலத்தில் மகன் தகப்பன் காதில் உபதேசம் செய்தான் என்பார்கள். என் கண் முன்னே ஒரு தகப்பன் மகன் காதில் செய்துகொண்டிருந்தார். உள்ளே கற்பூரம் எரிகிறது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கும்பிட்டேன்.

தட்டோடு வந்த குருக்கள் அதிசயப்பட்டார். "குழந்தை காதுல என்னம்மா மந்திரம் சொல்றார்? உடனே நிறுத்திடுத்தே!"

"எங்க வீட்டு மந்திரம் சாமி" என்றேன்.

படி இறங்கும்போது இவர் சொன்னார். "புள்ள அழுதான், வந்தேன். வேற அர்த்தம் கட்டாதே." கட்டவில்லை என்றேன். இன்றுவரை அவர் திருநீறு பூசியதில்லை. நான் கேட்டதும் இல்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டி மூடியில் இருந்த படத்தை அவரே பிரித்தெடுத்து, "இருட்டுல என்னத்துக்கு?" என்று சுவரில் இருந்த விளக்குப் பிறையில் வைத்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை.

சாயங்காலமானால் அழுகிற பிள்ளையோடு தனியாக நிற்கிற பெண்கள் உங்களில் யாராவது இருந்தால், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் தகப்பன்சாமியைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் கையில் பிள்ளையைக் கொடுங்கள். அவர் நம்புகிறவரா நம்பாதவரா என்று பார்க்காதீர்கள். அவன் பார்ப்பதில்லை.