மேட்டு நிரையும் என் கம்ப்யூட்டர் மூளையும்

இன்னொருவர் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமை நான் எழுதியதாகச் சொல்லிக்கொண்டேன். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பெயரில் காலந்தள்ளினேன். எழுதியது எங்கள் எஸ்டேட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண். நான் அங்கே பெரிய கிராணி. தலைமை எழுத்தர் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியாது.

கேமரன் மலையின் தேயிலைக் காடுகள் தூரத்திலிருந்து பார்க்க மெத்தை விரித்தது போல இருக்கும். காரில் வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அது இரண்டே வகை: சமநிலம், மேடு. எடுக்கவேண்டிய செடி வரிசை மேட்டு நிரையாக அமைந்துவிட்டால் அன்று முழுக்க ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்தே பொழுது போகவேண்டும். யாருக்கு எந்த நிரை என்பதைக் காலையில் பெரட்டுக்களத்தில், ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கும்போது, கங்காணி சொல்வார். அவருக்குக் கோழிக்குழம்பு கொடுத்தனுப்பிய வீடுகளுக்கெல்லாம் சமநிலம் விழுகிறது என்று தினமும் சண்டை. சண்டை முடிவதற்குள் பனி விலகி வெயில் வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரை அனுப்பியது. என்னைக் கோலாலம்பூருக்கு வரவழைத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். அதை எப்படித் திறப்பது, எப்படி அணைப்பது என்ற இரண்டையும் பிழையில்லாமல் கற்றுக்கொண்டு சான்றிதழோடு திரும்பினேன். கூடவே கொடுத்த தடிமனான புத்தகத்தை, ஆபீஸ் ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தேன். டைப் அடிக்கும் பெண் ஒருநாள் அதைக் கேட்டு வாங்கிப் போனாள். நான் ஜன்னலுக்குச் செங்கல் வைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து அவள் எழுதிய புரோகிராம், ஆட்களின் நம்பர்களைக் குலுக்கி, யாருக்கு எந்த நிரை என்று காகிதத்தில் அடித்துக் கொடுத்தது. கங்காணி அதை வாசித்தார். சண்டை நின்றது. மிஷினுக்குக் கோழிக்குழம்பு கொடுக்க முடியாது. முயற்சி செய்தவர்கள் உண்டு. ஒருநாள் காலை வந்து பார்த்தால் கம்ப்யூட்டரின் நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், கீபோர்டின் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம்.

துரை, அதாவது மேனேஜர், ஆபீசுக்குள் வந்து இதை யார் செய்தது என்று கேட்டபோது அவள் இல்லை. கொழுந்து எடுக்கும் தன் அம்மாவை ரிங்லெட் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தாள். “நான்தான்” என்றேன். திருட்டு அவ்வளவு சுலபம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தலைமை அலுவலகத்திலிருந்து பார்க்க வந்தார்கள். கண்டுபிடித்தவர் கையாலேயே தட்டிக் காட்டுவது கௌரவக் குறைவு என்கிற தோரணையில் நான் கைகட்டி நிற்பேன், அவள் தட்டுவாள். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் “லாஜிக்” என்பேன். மேலும் கேட்டால் “ஹை லெவல் லாஜிக்” என்பேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது, சுவர்க்கடிகாரம் வந்தது. துரை எனக்குக் கொடுத்த பாராட்டுக் கடிதத்தை டைப் அடித்ததும் அவள்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பயப்படுகிறாள் என்று அப்போது நினைத்தேன். வயதான பிறகு, அது அவளுடைய பெருந்தன்மை என்று தோன்றியது. அந்த எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

போன வருடம் எஸ்டேட் டீக்கடைக்குப் பக்கத்தில், சுற்றுலா வருகிறவர்களுக்காகப் பழைய சாமான்களை வைத்து ஒரு காட்சி அறை திறந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரும் அதிலே இருந்தது. மேலே ஒரு பலகையில் என் படம், என் பெயர், கீழே ‘கண்டுபிடித்தவர்’. திறப்பு விழாவில் பேச என்னையே கூப்பிட்டார்கள். சாவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று, ஈப்போவில் மகளோடு இருக்கும் அவளை, காரணம் சொல்லாமல் வரவழைத்தேன். முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் கொழுந்து எடுத்த பெண்கள். இப்போது கிழவிகள். கம்போங் ராஜாவிலிருந்தும் திரிங்காப்பிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள்.

மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உடைந்தது. கொஞ்சம் உடைந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

இரண்டாம் வரிசையில் ஒரு கிழவி எழுந்தாள்.

“இருங்க கிராணி ஐயா. இவளா எழுதுனா?”

“ஆமாம்மா. முழுக்க இவங்கதான்.”

“அப்பன்னா இவ ஆத்தாளுக்கு ஒரு நாளாச்சும் மேட்டு நெர விழுந்துச்சா?”

கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் அப்படி ஒரு நாள் ஞாபகம் வரவில்லை.

“நான் இவ ஆத்தாள ராசிக்காரின்னுல்ல நெனச்சேன்” என்றாள் இன்னொருத்தி. “அவ கையத் தொட்டுட்டுத்தான் நாலு நம்பர் லாட்டரி எழுதப் போவேன் லா. எம்புட்டு டுயிட், எம்புட்டு காசு போச்சு.”

முன்வரிசையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. “அம்மாவுக்கு முட்டி வலி, அக்கா.”

“எங்களுக்கு முட்டியே இல்லியா? ஸ்பிரிங்கா வச்சிருந்தோம்?”

அப்போதுதான் எனக்கே விளங்கியது. தன் அம்மாவின் நம்பர் மேட்டுக்குப் போனால் வேறு பக்கம் திருப்பிவிடும்படி புரோகிராமுக்குள் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாள். அந்த மிஷினுக்கு ஓரவஞ்சனை தெரியாது என்று நான் பெரட்டுக்களத்தில் எத்தனையோ முறை சத்தியம் செய்திருக்கிறேன். என் பெயர் மேலே இருந்தவரை யாருக்கும் அவள் அம்மா மேல் சந்தேகம் வரவில்லை. அவள் வாயைக் கட்டிப்போட்டது பயமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை.

நான் மேடையை விட்டு இறங்கியதும் அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“ஐயா, திருடுனதுதான் திருடுனீங்க. கடைசி வரைக்கும் வச்சிருக்கக் கூடாதா?”

சங்கடப்பட்டுப்போன இளம் மேனேஜர், பலகை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சமாதானம் பேசினார். கிழவிகள் விடவில்லை. “இவ பேரப் போடுங்க. எங்க முட்டியத் தேச்சவ யாருன்னு ஊருக்குத் தெரியட்டும்.” என் அழுகையால் ஆகாதது அவர்கள் கோபத்தால் ஆயிற்று. என் படம் இறங்கியது, அவள் பெயர் ஏறியது.

இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து பலகையைக் காட்டுகிறார்கள். “இவதான்” என்கிறார்கள். முதலில் திட்டாகத்தான் இருந்தது. போன மாதம் ஒருத்தி சொன்னதை நானே கேட்டேன்: “கெட்டிக்காரி லா. கங்காணியாலயே கண்டுபிடிக்க முடியல.”

பலகையில் பெயர் ஏறியவளோ அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. போன வாரம்தான் அவளிடமிருந்து போன் வந்தது. மன்னித்துவிட்டாளாக்கும் என்று எடுத்தேன்.

“பலகையில எம்பேருக்குக் கீழ டைப்பிஸ்ட்னு போட்டிருக்காங்க. மக படம் புடிச்சிட்டு வந்து காட்டுனா.”

“உன் வேலை அதுதானேம்மா.”

“எழுதுனது யாரு?”

“நீதான்.”

“அப்ப புரோகிராமர்னு மாத்தச் சொல்லுங்க. கோவம் எனக்கு இன்னும் போகல. அது வேற.”

மறுநாள் காலையிலேயே மேனேஜரைப் பார்க்கப் போனேன். மாற்றுவதில் ஆட்சேபணை இல்லை என்றார். மேலிடத்தில் கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டுமாம். கம்ப்யூட்டர் செத்து எத்தனையோ வருடம் ஆகிறது.

“அவங்க அம்மா மேட்டுக்கே போகல தம்பி” என்றேன். “அதுக்குச் சாட்சி ஒரு வேன் நிறைய இருக்கு.”

அவர் அதை எழுதிக்கொண்டார். புதுப் பலகை ஈப்போவில் தயாராகிறது.