முட்டைக்கு வைத்த அடையாளம்

2001-ம் வருடக் கோடை. மாதனூர் பக்கம், காய்ந்து கிடந்த பாலாற்று மணலில் அன்று இருந்தது நானும் என்னோடு வேலை செய்யும் தோஸ்த்தும் மட்டும்தான். வாராவாரம் கூட வருகிறேன் என்று கெஞ்சும் என் தங்கை இல்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்லி விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அப்போது எனக்குப் பதனிடாத பச்சைத்தோல் வந்து இறங்கும் கிடங்கில், ஒவ்வொரு கட்டுக்கும் லாட் நம்பர் போட்டு எண்ணிக்கை எழுதும் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால்தான் தோலைத் தூக்காமல் பேனாவைத் தூக்கினேன். ஆனாலும் ஆறு நாள் நின்றுகொண்டே எழுதினால் ஏழாம் நாள் கால் கெஞ்சும். அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் தூங்காமல், தோஸ்த்தின் பழைய ஃபிலிம் கேமராவோடு ஆற்றோரம் நடந்து பறவைகளைப் படம் எடுப்போம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாரத்தில் நான் எண்ண வேண்டியிராத ஒன்று அதுதான்.

அன்று ஓர் ஆள்காட்டிக் குருவி எங்கள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றியது. பக்கத்தில் கூடு இருக்கும் என்று குனிந்து தேடினோம். கூழாங்கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே நான்கு முட்டைகள். இரண்டு படம் எடுத்தேன். ரோலில் மிச்சமிருந்ததைக் குஞ்சுகளுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே பார்த்தாலும் ஒரே கல். எங்கள் பக்கத்தில் எதைக் கட்டவும் கயிறு தேட மாட்டோம், கிடங்கில் வெட்டி எறியும் தோல் வார்தான். சைக்கிள் கேரியரில் இருந்த வாரை அவிழ்த்து, ஒரு குச்சியில் கட்டி, கூட்டுக்கு மூன்றடி தள்ளி நட்டு வைத்தேன்.

"இன்னாடா, முட்டைக்கும் லாட் நம்பர் போட்றியா?" என்று தோஸ்த் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் குஞ்சுப் படம் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது தலைக்கு மேல் எதுவும் கத்தவில்லை. குச்சி சாய்ந்து கிடந்தது. சுற்றிலும் நாய்க் கால் தடம். தோல் வார் பத்தடி தள்ளி, பாதி மெல்லப்பட்டுக் கிடந்தது. கூடு இருந்த இடத்தில் உடைந்த ஓடுகள், மணலோடு ஒட்டிக் காய்ந்த மஞ்சள் கரு, எறும்புகள். தூரத்தில் ஒரு குட்டைப் பக்கம் அந்த ஆள்காட்டி தன் ஜோடியோடு சும்மா நின்றிருந்தது.

தோஸ்த் வாரைக் கையில் எடுத்துப் பார்த்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"நாய் தோலுக்குத்தான் வந்திருக்கு. இந்த வாடை நமக்குத் தெர்லடா, பழகிப்போச்சு."

வாங்கி முகர்ந்து பார்த்தேன். உண்மையாகவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா என் சட்டையை மட்டும் வெளிக்கொடியில் போடுவதும், பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போவதும் அப்போதுதான் புரிந்தது. முதலாவதை அம்மாவின் பழக்கம் என்றும், மற்றதை அந்த ஆட்களின் திமிர் என்றும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

குஞ்சு பொரித்ததா என்று தங்கை கேட்டாள். "பறந்து போய்ட்டுதும்மா" என்றேன்.

இப்போதும் படம் எடுக்கிறேன், ஆனால் எந்தக் கூட்டையும் நெருங்குவதில்லை. படத்தில் பறவை ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. அதுவே போதும் என்று இருந்துவிடுகிறேன், ஏனென்றால் நான் ஒருமுறை நெருங்கியதற்கு அந்த ஜோடி கொடுத்த விலை நான்கு முட்டைகள்.