இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

வலது தோளில் பையை மாட்ட முடியவில்லை. இடது தோளில் போட்டுக்கொண்டு தேயிலை எஸ்டேட் கேட்டைத் தாண்டி வெகுதூரம் நடந்த பிறகும் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். அந்த மனுஷன் சொன்னது இவ்வளவுதான்: "கொழுந்து மூட்டைய ரெண்டு பேராப் புடிச்சு லாரியில ஏத்துங்க. இல்லீன்னா தோள் ஆறற வரைக்கும் லீவு எடுங்க."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஊர் ஊராகப் போய்த் தோளை நம்பியே சாப்பிட்டவன் நான். எனக்குத் துணைக்கு ஆளாம். வேலையே வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

அந்தத் தோள் அந்த வருஷம் மூன்று முறை நழுவியிருந்தது. இன்னொரு தடவை நழுவினால் கை மேலே எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது வேறு எரிச்சல்.

குன்னூர் பஸ் நிற்கும் வளைவில் ஒரு டீக்கடை. எதிரே சின்ன மாரியம்மன் கோயில். கடைக்கார அக்கா காரமடைப் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க தம்பி, பையோட எங்க பயணம்?"

"மேட்டுப்பாளையமுங்க. மண்டியில கெழங்கு மூட்டை தூக்கறதுக்கு."

"ஒத்தைக் கையிலயா?"

டீ குடித்துக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. பக்கத்துத் தேயிலை நர்சரியில் அவருடைய நாத்தனார் மேஸ்திரியாம், ஆள் தேடுகிறாராம். பையில் மண் ரொப்பி நாற்று நடும் வேலை, உட்கார்ந்தே செய்யலாம்.

"அது பொம்பளைங்க வேலையுங்க."

"அதைய அம்மன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. அவளும் பொம்பளைதான். பூ கேட்டுப் போட்டு அப்பறம் பஸ் ஏறுங்க."

பூ கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். சிவப்பும் வெள்ளையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். எதை எடுக்கிறார்களோ அதுதான் சாமியின் வாக்கு. சிவப்பு வந்தால் மேட்டுப்பாளையம், வெள்ளை வந்தால் நர்சரி என்று அக்காவே முடிவு செய்துவிட்டார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. உள்ளுக்குள் பயமும் இருந்தது. அம்மனே போகச் சொன்னாள் என்று ஆகிவிட்டால், நாளைக்குத் தோள் போனாலும் பழியை அவள் தலையில் போட்டுவிடலாம்.

அதனால் கோயில் பக்கவாட்டில் நின்று நானே பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் சிவப்பு. எங்கள் பக்கம் எடுத்த பொட்டலத்தை மட்டும்தான் பிரிப்பார்கள்.

பூசாரி சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர், எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். டீ குடித்த பெண்களில் ஒருத்தி கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார், சிவப்பு. நான் பையை எடுத்தேன். அவர் மற்றதையும் பிரிக்க ஆரம்பித்தார்.

"அது எதுக்குங்க?"

"எங்க ஆளுங்க ரெண்டையும் பிரிச்சிப் பாக்கிறது தம்பி."

அதுவும் சிவப்பு.

"ஏனுங்க," என்றாள் பொட்டலம் எடுத்தவள், "பதிலையும் நீங்களே சொல்லிக்கறதுக்கு எங்க ஆத்தா எதுக்குங்க? உங்கூட்டுக் கண்ணாடியக் கேட்டிருக்கலாமுல்ல?"

மலையே சிரித்த மாதிரி இருந்தது. பூசாரி சிரிக்கவில்லை. "நான் கட்டுறேன். அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். மூட்டை தூக்குகிறவனுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. பின்னால் காகிதம் மடிபடும் சத்தம் கேட்டது. எனக்கு எதுவும் செய்ய வழியில்லை. அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காகச் சாமி கும்பிட்டேன் என்று நினைக்கிறேன். கும்பிட்டது இப்படித்தான்: சரி தாயே, உன் இஷ்டம். எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் உன் இஷ்டம்.

வெள்ளை வந்தது.

பஸ் வளைவில் நின்று ஹாரன் அடித்தது. "தம்பி, பஸ்ஸு!" என்று அக்கா வேண்டுமென்றே கத்தினார்.

"போகட்டுமுங்க," என்றேன். கோபம் தீரவில்லை. ஆனால் தோளில் இருந்த பயம் இறங்கிவிட்டிருந்தது. அந்தத் தோளை இனி நான் ஒருவனே காப்பாற்ற வேண்டியதில்லை என்று தோன்றியது. சாமியிடம் கேட்பதென்றால் நமக்குப் பிடிக்காத பதிலுக்கும் இடம் விட்டுக் கேட்க வேண்டும். இது புரிய எனக்கு இத்தனை வருஷமும் ஊரார் சிரிப்பும் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நர்சரியில் பெண்களுக்கு நடுவே சாக்கு விரித்து உட்கார்ந்தேன். சின்னப் பிளாஸ்டிக் பையில் மண்ணை நிரப்பி, ஒற்றை இலையோடு வெட்டிய தேயிலைத் தண்டை நட வேண்டும். முதல் மூன்றும் என் கையிலேயே முறிந்தன. அக்காவின் நாத்தனார் வந்து நின்றார். "ஏனுங்க, வேலிக்கு முளையா அடிக்கறீங்க? மெதுவா வையுங்க, அதுவே புடிச்சுக்கும்."

நான்காவதை எடுத்து, அழுத்தாமல் வைத்தேன்.