பள்ளிக்கூடத்தில் கற்பூரச் சத்தியம்

எங்கள் குடும்பத்தில் யாரும் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண மாட்டோம். பொய்ச் சத்தியம் மட்டுமல்ல, மெய்ச் சத்தியமும் கிடையாது. என் நாத்தனார் ஒருமுறை பக்கத்து வீட்டுக் கோழியைத் தான் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினாள். உண்மையாகவே எடுக்கவில்லை. அப்படியும் அந்த வாரமே அவள் மாடு செத்துப்போனது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன், அடி வாங்கினாலும் வாங்கு, கற்பூரத்தில் கை வைக்காதே என்று.

என் கடைசி மகள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்பு படித்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த வகுப்பு வரைக்கும் போனது அவள்தான் முதல். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன வெட்கம்? பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாபுல் பாக்கெட்டுகள் கிடந்தன. பாக்கும் புகையிலையும் இன்னும் என்னென்னவோ கலந்தது. வாயில் அடக்கினால் தலை சுற்றும். ஒன்றிரண்டல்ல, கூட்டி அள்ளினால் ஒரு கூடை.

பள்ளிக்கூடத்து அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார். ஓ.எல். வகுப்புப் பைகளைச் சோதித்தார். அகப்பட்டது அவித்த வத்தாளைக்கிழங்கும் ஒரு காதல் கடிதமும்தான். அப்போது கோயில் தலைவர் போய் யோசனை சொன்னார்:

"அடிச்சா சொல்லாதுங்க சேர். கோயில்ல கற்பூரத்த அணைக்கச் சொல்லுங்க. தானா வெளிய வரும்."

வெள்ளிக்கிழமை காலை அந்த வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரையும் அம்மன் கோயிலில் நிறுத்தினார்கள். "அணைச்ச பிள்ளை சுத்தம். அணைக்காத பிள்ளை வகுப்புக்கு வரேலாது" என்றார் அதிபர். முதலில் நின்றது என் மகள். "எங்கம்மா சத்தியம் பண்ணக்கூடாதுன்னு சொல்லியிருக்கு சேர்" என்று பின்னால் போய்விட்டாள். அடுத்த பிள்ளையும் அதையே சொன்னது. இப்படி இருபது பேர். அணைத்தது இரண்டே பேர். நுளம்பு அடிக்கிற மாதிரிப் பட்டென்று அடித்து அணைத்தான்கள். அந்த இரண்டு பேர்தான் பெரகல சந்திக் கடையில் பாபுல் வாங்குகிறவன்கள் என்று தோட்டத்தில் நாய்க்குக்கூடத் தெரியும். சத்தியம் பண்ணிய வாய் செக்கச்செவேலென்று இருந்ததாம்.

அதிபர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. இரண்டு பேர் உள்ளே, இருபது பேர் வெளியே. இருபது பேரின் பரீட்சை அனுமதி அட்டையும் அவர் அலுமாரிக்குள். ஒன்பது நாள் எல்லா டீச்சர்மாரும் அந்த இரண்டு பேருக்கே பாடம் நடத்தினார்கள். ஒருவன் தாயிடம் அழுதானாம்: "இருபத்திரண்டு பேர்கிட்ட கேக்குற கேள்விய எங்க ரெண்டு பேர்கிட்டயே கேக்குறாங்கம்மா!" பின்னால் அவன் கணக்கில் பாஸானதும் அந்த ஒன்பது நாளால்தான்.

வீட்டில் மகள் அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள், அழுதாள். "ஒரே ஒரு தடவ அணைச்சிடறேம்மா" என்றாள். வீட்டுக்காரரும், "ஒரு கட்டிக் கற்பூரத்துக்காகப் பிள்ள படிப்பக் கெடுக்கப்போறியா?" என்று கத்தினார். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

"என்ர சொல்லை மாத்தேலாது அம்மா" என்றார் அதிபர்.

"மாத்த வேணாங்க. சேர் பாபுல் போடுவீங்களா?"

"சீச்சீ! வெத்திலைகூடப் போடுறேல்லை."

"அப்படின்னா நீங்களும் அணைங்க. நீங்க அணைச்சா எம்மகளும் அணைப்பா."

முந்தானையில் முடிந்து வைத்திருந்த கற்பூரத்தை அவர் தேநீர்க் கோப்பையின் தட்டில் வைத்துக் கொளுத்தினேன். அவர் கையைத் தூக்கினார். கை அந்தரத்திலேயே நின்றது. கற்பூரம் எரிந்து முடிகிற மட்டும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எங்கட அம்மாவும் உது செய்யக்கூடாதெண்டு சொன்னவ."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அட்டை கிடைத்திருக்காது.

"அப்ப நான் என்னதான் செய்யிறது?" என்று கேட்டார்.

"இருபது பேரையும் உள்ள கூப்பிடுங்க. அதுக்காக அந்த ரெண்டு பேரையும் வெரட்டாதீங்க. வெரட்டினா சந்திக் கடையிலதான் போயி நிப்பானுங்க. டிஸ்பென்சரி ஐயாகிட்ட வாயக் காட்டச் சொல்லுங்க. அப்பன் ஆத்தாளத் தனியா கூப்பிட்டுப் பேசுங்க, ஊரக் கூட்டி இல்ல."

"பொய்ச் சத்தியம் செய்ததுக்கு?"

"அத அம்மன் பாத்துக்கும். நீங்க வாயப் பாருங்க."

எழுந்து அலுமாரியைத் திறந்தார். இருபது அட்டையையும் வெளியே எடுத்து, மகளுடையதை என்னிடம் தந்தார். நின்ற இடத்திலேயே அவள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதை மடிக்கவும் இல்லை, இடுப்பில் செருகவும் இல்லை. எல்லா லயத்துக்காரரும் பார்க்கிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு, சுற்றுவழியால் வீட்டுக்கு நடந்தேன்.